இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலி: மசாஜ் உதவுமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறேன். இடுப்பில் தொடங்கும் வலி இடது பாதம் வரை சுள்ளென்று இழுக்கிறது. சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பில் வரும் வலி என்றார் டாக்டர். மசாஜ் செய்யலாமா? முதுகை மிதித்துவிட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.
- வாசகி, திருப்பூர்

பதில்: மிதிக்க மட்டும் விடாதீர்கள், தயவுசெய்து. பெரும்பாலும் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதால்தான் இந்த வலி வருகிறது, அதை எந்த மசாஜும் உள்ளே தள்ளிவிடாது. ஆனால் வலிக்குப் பயந்து இறுகிப்போன இடுப்பு, பிட்டத் தசைகளை மசாஜ் தளர்த்தும், கொஞ்ச நாளைக்கு நிம்மதி கிடைக்கும். சிலருக்குப் பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிஃபார்மிஸ் என்ற தசையே நரம்பை நெருக்கும், அவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதலாக இருக்கலாம்.

நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகத் தடவி, முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் இரு பக்கத் தசைகளில் மட்டும் மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கும்போது காலில் மின்சாரம் பாய்வது போல இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அப்புறம், அரை மணிக்கு ஒரு முறையாவது மெஷினை விட்டு எழுந்து நாலு அடி நடங்கள், சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. படுத்தே கிடப்பதைவிட முடிந்தவரை நடமாடுவதே நல்லது, பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தானாகவே குறைந்துவிடும்.

சிறுநீர் அடைத்தாலோ தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ மசாஜ் பேச்சே வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.