காற்றின் வேகம் சரி, திசை மட்டும் இடவலமாகப் புரள்கிறது

செயற்கைக்கோளின் நுண்ணலைக் கதிர்வீச்சுமானியைக் கொண்டு கடல்மேல் காற்றைக் கணிக்கும்போது வேகம் சரியாக வருகிறது, திசை மட்டும் இடவலம் மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். செங்குத்து, கிடை முனைவாக்கங்களை (அலையின் மின்புலம் அதிரும் திசைகளை) மட்டும் வைத்துத் திசையைப் பிரிக்க முடியாது. காற்று பார்வைக் கோட்டுக்கு இடமோ வலமோ, இரண்டும் ஒரே மதிப்பைத்தான் காட்டும். அதனால்தான் உங்களுக்கு வேகம் சரியாக வந்தும் திசை புரள்கிறது. பக்கத்தைச் சொல்வது மூன்றாம் ஸ்டோக்ஸ் அளவு (+45, −45 பாகை முனைவாக்கங்களின் வேறுபாடு), 2020 வரை இயங்கிய விண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் கருவியின் தரவில் 10.7, 18.7, 37 கிகாஹெர்ட்ஸில் அது கிடைக்கும்.

அதைச் சேர்த்தும் புரண்டால், முனைவாக்கச் சுழற்சிக் கோணத்தை (கருவியின் முனைவாக்க அச்சு கடல்பரப்பின் செங்குத்து, கிடை அச்சுகளிலிருந்து திரும்பியிருக்கும் கோணத்தை) சந்தேகப்படுங்கள். 1 பாகை பிழையே செங்குத்து, கிடை வேறுபாட்டிலிருந்து மூன்றாம் ஸ்டோக்ஸுக்குள் சுமார் 2 கெல்வின் கசிவைத் தரும். திசைச் சமிக்ஞையே சில கெல்வின்தான்!

சார்புத் திசை (பார்வைக் கோட்டுக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம்) எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய தரவை எடுத்து, மூன்றாம் ஸ்டோக்ஸின் சராசரியைப் பாருங்கள். பூஜ்யத்தை விட்டு விலகினால் பிழை பெரும்பாலும் அந்தக் கோணத்தில்தான்.

அப்புறம், வினாடிக்கு 5 மீட்டருக்குக் குறைந்த காற்றையும் மழைப் புள்ளிகளையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அங்கே திசையை நம்ப முடியாது.