பிளாக்செயின் வளர்ந்தால் கிரிப்டோ நாணயமும் மதிப்புப் பெறுமா?

கேள்வி: என் சேமிப்பில் ஒரு பகுதியைக் கிரிப்டோ நாணயங்களில் போட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்க நினைக்கிறேன். பரிவர்த்தனைகளைப் பல கணினிகளில் பகிர்ந்து பதிந்து வைக்கும் பிளாக்செயின்தான் வருங்காலத் தொழில்நுட்பம், எனவே இந்த நாணயங்களின் மதிப்பும் உயர்ந்தே தீரும் என்கிறார்கள் நண்பர்கள். இதை நம்பி வாங்கலாமா?

பதில்: தொழில்நுட்பம் நிலைக்குமா என்பது ஒரு கேள்வி, நீங்கள் வாங்கும் நாணயம் மதிப்பிழக்காமல் இருக்குமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று விடை கிடைத்தாலும், அது இரண்டாவதற்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கினால் அதன் லாபத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. கடன் பத்திரம் வாங்கினால் வட்டி வரும். கிரிப்டோ நாணயங்களில் முதன்மையான பிட்காயினுக்குப் பின்னால் லாபமும் இல்லை, வட்டியும் இல்லை. நாளை வேறொருவர் அதற்கு என்ன கொடுக்க முன்வருகிறாரோ அதுவே அதன் விலை. மொத்தம் 2.1 கோடி பிட்காயின்களுக்கு மேல் உருவாக முடியாது என்பதும், புதிதாக வெளிவரும் அளவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்பதும் உண்மைதான். பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பை (பிளாக்) கணக்கேட்டில் சேர்ப்பவருக்குத் தொடக்கத்தில் 50 பிட்காயினாக இருந்த வெகுமதி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது. ஆனால் அரிதாக இருப்பதாலேயே ஒரு பொருளுக்கு மதிப்பு வந்துவிடாது; அதை விரும்பி வாங்குவோர் தொடர்ந்து இருக்க வேண்டும். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலருக்கு விற்ற பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர் போட்ட பணத்தைப் பார்க்கவே, விலை அங்கிருந்து நான்கு மடங்குக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. பின்னர் ஏறியது என்பது வேறு விஷயம். அந்த ஓராண்டில் அவசரத் தேவைக்கு விற்க நேர்ந்தவருக்கு அந்த ஏற்றத்தால் பயனில்லை.

இருந்தாலும் பிட்காயினை வெறும் மாயை என்று ஒதுக்க மாட்டேன். 2009 ஜனவரி முதல், தலைமை அலுவலகமோ உரிமையாளரோ இல்லாமல் ஒரு கணக்கேடு உலகெங்கும் இயங்கி வருவது பெரிய சாதனை. எத்தீரியம் என்ற மற்றொரு பிளாக்செயினில் பயன்பாட்டுக்கும் நாணயத்துக்கும் ஓரளவு நேரடித் தொடர்பும் உண்டு: அதில் எதைச் செய்தாலும் கட்டணத்தை அதன் நாணயமான ஈதரில்தான் செலுத்த வேண்டும், அக்கட்டணத்தின் ஒரு பகுதி 2021 முதல் நிரந்தரமாக அழிக்கப்படுகிறது. மற்ற ஆயிரக்கணக்கான கிரிப்டோ நாணயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய பிடிமானம்கூடக் கிடையாது. 2022 மே மாதத் தொடக்கத்தில் சுமார் 80 டாலருக்கு விற்ற லூனா என்ற நாணயம், சில நாள்களிலேயே மதிப்பற்றதாகிவிட்டது.

நிறுவனங்கள் பிளாக்செயினைப் பயன்படுத்திய விதத்தையும் பாருங்கள். சரக்குக் கப்பல் ஆவணங்களுக்காகக் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். துறை முழுவதும் ஒத்துழைத்தால்தான் அது பிழைத்திருக்கும், அந்த ஒத்துழைப்பு அமையவில்லை. ஒருவேளை வெற்றி பெற்றிருந்தாலும், அதனால் பிட்காயின் வைத்திருப்பவருக்கு எந்த வருமானமும் வந்திருக்காது.

ஆகவே, முழுவதும் போனாலும் குடும்பச் செலவோ ஓய்வுக்காலத் திட்டமோ குலையாத தொகையை மட்டும் போடுங்கள். கடன் வாங்கிப் போடவே வேண்டாம்.

கேள்வி: வாங்கினால், வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாமா?

பதில்: பதினைந்து ஆண்டுகளுக்கு வேண்டாம். 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது சிக்கியவர்களுக்கு அவர்களுடைய பிட்காயின்கள் திரும்பத் தொடங்கியதே 2024-இல்தான். 2022-இல் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சும் திவாலாகி வாடிக்கையாளர்களை அலைக்கழித்தது.

சொந்த வாலட்டில் (நாணயத்தின் சாவியை நீங்களே வைத்திருக்கும் செயலி அல்லது கருவியில்) வைத்தால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. வாலட்டை அமைக்கும்போது, அதை மீட்க உதவும் சாவியாக வரும் 12 அல்லது 24 சொற்களை வரிசை மாறாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வைக்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். முதலில் சிறு தொகையை மட்டும் அனுப்பி, வாலட்டை அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களைக் கொண்டே அதை மீட்டுப் பாருங்கள். பணம் திரும்பத் தெரிந்த பிறகு மீதியை அனுப்பலாம். அந்தத் தாள் எங்கே இருக்கிறது, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அது தொலைந்தால் மாற்றுச் சாவி தர எந்த அலுவலகமும் இல்லை.