மலையில் ஈரம், ஊரில் வெயில்: நீர்வண்ணக் கேள்வி பதில்

சித்திரை வெயிலில் வானத்துக்கு வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டால், தாளின் கீழ்ப்பாதிக்கு வருவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. ஃபேனை நிறுத்திப் பார்த்தும் பயனில்லை.
– அம்மாப்பேட்டை வாசகி, சேலம்

மேசையில் சிந்திய காபிச் சொட்டு காய்ந்தால் ஓரத்தில் கரிய வளையம் நிற்கும் அல்லவா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஓரம் முதலில் காய்கிறது. நடுவிலுள்ள நீர் அதை நோக்கி ஓடும்போது வண்ணத் துகளையும் இழுத்துப் போய் அங்கே சேர்த்துவிடுகிறது. ஆகவே வேகமாக வரைவதைவிட, தாளை மெதுவாகக் காயவைப்பதுதான் வழி.

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) முழுப் பருத்தித் தாளாக எடுங்கள். மரக்கூழ்த் தாள் இந்த வேலைக்கு ஈடுகொடுக்காது. அகலப் பிரஷால் முதலில் பின்பக்கத்தை நன்றாக நனைத்து, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, அக்ரிலிக் பலகை அல்லது கண்ணாடி மேல் படியவையுங்கள். காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்பக்கம். அடியிலுள்ள ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருப்பதால் வேலைக்கு நேரம் கிடைக்கும். தாளை நனைக்கும் முன்பே வண்ணத்தைக் கலந்து வைத்துவிட வேண்டும், அதுவும் தேவை என்று தோன்றுவதைப் போல இரு மடங்கு. நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பெரும்பாலான வானங்கள் கெடுகின்றன.

100 மி.லி. தண்ணீரில் நான்கைந்து சொட்டு கிளிசரின் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் படம் பிசுபிசுத்துக் கிடக்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிநீரையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே விழுந்த கோட்டை முழுதாகக் காயவிட்டு, ஈரப் பிரஷால் மெல்லத் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றுங்கள். அல்ட்ராமரின் நீலம் நன்றாக எழுந்து வரும். தாலோ நீலம் தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும், வராது.

ஏற்காட்டில் ஐப்பசி முழுக்க மழை. படத்தில் காலிஃபிளவர் மாதிரி திட்டுகள் விழுகின்றன. போன வருடம் வாங்கிய தாளிலும் வாஷ் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.
– ஏற்காடு வாசகர்

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. நீங்கள் இருப்பது ஏறத்தாழ 1,500 மீட்டரில், மேகத்துக்குள். அங்கே வாஷ் அரைகுறை ஈரத்தில் வெகுநேரம் நிற்கும். அந்த நேரத்தில் அதைவிட நீர் அதிகமான பிரஷ் பட்டால், புது நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அதுதான் அந்தத் திட்டு. தாளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னினால் தாராளமாகச் சேர்க்கலாம். பட்டுபோல் மங்கினால் கெட்டியான வண்ணம் மட்டும். மினுமினுப்பு போய்விட்டது, ஆனால் புறங்கை வைத்தால் சில்லென்று இருக்கிறது என்றால் தொடவே கூடாது.

ஹேர் டிரையரை மினுமினுப்பு அடங்கிய பிறகே, ஒரு அடி தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். தேங்கிய நீர் இருக்கும்போது காட்டினால் காற்று அதை ஓடவிட்டுவிடும். மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமலிருக்கப் பூசி, பிறகு பிய்த்தெடுக்கும் திரவம்) பூசிய இடத்துக்குச் சூடு ஆகாது. தாளோடு இறுகி, பிய்க்கும்போது தாளையும் கிழித்துக்கொண்டு வரும்.

புள்ளிகள் பூஞ்சையின் வேலை. தாளுக்குப் போட்டிருக்கும் ஜெலட்டின் பசையை அது தின்றுவிடுகிறது. பசை போன இடம் மைஒற்றுத்தாள் மாதிரி வண்ணத்தை உறிஞ்சும். வெறும் கண்ணுக்குத் தெரியாததால், வரையும் முன் ஓர் ஓரத்தில் வெறும் தண்ணீர் தடவிப் பாருங்கள். கருத்த புள்ளி தெரிந்தால் அந்தத் தாளை வண்ணச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள், சரிசெய்ய வழியில்லை. புதுத் தாளை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு, வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் நல்லது: ஆரஞ்சு பச்சையானால் ஈரம் நிரம்பிவிட்டது என்று தெரிந்துவிடும். வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டை ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள்.

காபித் தோட்டம் பற்றிக் குழந்தைகளுக்கான படப் புத்தகம் வரைகிறேன். முதல் பக்கப் பச்சையும் பதினெட்டாம் பக்கப் பச்சையும் ஒத்துப்போகவில்லை.
– அஸ்தம்பட்டி வாசகி, சேலம்

பக்கம் பக்கமாக முடித்துக்கொண்டு போனால் பச்சை மாறத்தான் செய்யும். கட்டம் கட்டமாகச் செய்யுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் பென்சில், பிறகு எல்லாப் பக்கத்துக்கும் முதல் வாஷ், அதன்பின் இலைகள். ஆறு வண்ணத்துக்கு மேல் வேண்டாம். காபி இலையின் கரும்பச்சைக்குத் தாலோ பச்சையோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போதும். தளிருக்கு அதிலேயே மஞ்சள். அதே தாளின் துண்டில் ஒவ்வொரு கலவையையும் தீற்றி, எது எத்தனை பங்கு என்று பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். ஈரத்தில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், காய்ந்தால் வண்ணம் வெளுக்கும். தாளையும் மொத்தமாக ஒரே முறையில் வாங்கிவிடுங்கள்.

தோட்டத்தையும் கவனித்து வரையுங்கள். குழந்தைகள் படத்தைப் பார்த்துத்தான் செடியைத் தெரிந்துகொள்கிறார்கள். இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும், விளிம்பு அலையலையாக இருக்கும். பழங்கள் கிளை நுனியில் தொங்குவதில்லை. இலைக்காம்புகளின் இடுக்கில் கிளையை ஒட்டிக் கொத்தாக நிற்கும், ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் சேர்ந்திருக்கும். கோடை மழைக்குப் பின் பூத்துச் சில நாளில் வாடும் வெள்ளைப் பூவையும், பனிக்காலத்துப் பழக்குவியலையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். நிழல் மரம் சில்வர் ஓக்காக இருந்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளிநிறம், தண்டில் மிளகுக்கொடி.

புத்தகம் 21 செ.மீ. சதுரமென்றால் இரட்டைப் பக்கம் 42க்கு 21. அச்சடித்தபின் ஓரத்தை வெட்டுவதற்கு நாலா பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும், நீங்கள் 1 செ.மீ. விட்டே வரையுங்கள். முகமோ கையோ நடு மடிப்பில் வரக்கூடாது. 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வைத்தால் பிறகு பெரிதாக்கவும் உதவும்.

ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் கையில். எப்படிச் சமாளிப்பது?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர், சேலம்

ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றுக்குப் பென்சில் வேலை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேலட், கலவைகளைத் தீற்றி வைத்த தனித் துண்டு.

சுவரில் மாட்டிய காகிதப்பூப் படத்தில் ரோஜாநிறம் மட்டும் வெளுத்துவிட்டது.
– ஏற்காடு வாசகி

ட்யூபின் பின்பக்கம் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளுக்கும். ஓபரா பிங்க் என்று வரும் பளீர் ரோஜாவும் அப்படித்தான். அச்சிலும் அந்தப் பளபளப்பு வராது. பி.வி. 19 என்ற குவினாக்ரிடோன் ரோஜாவுக்கு மாறுங்கள். சந்தேகமான எந்த வண்ணத்தையும் ஒரு துண்டில் தீற்றி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்துப் பிறகு இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.