ஓட்டு போடுறத பத்தி என்ன வேணா கேளுங்க

சிங்கப்பூர்ல வாக்களிப்பு நிலையத்துல டூட்டி பார்த்தவன்ங்கறதால நெறைய பேர் தனித்தனியா கேக்குறாங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடறேன். எந்தக் கட்சிக்குப் போடணும்னு மட்டும் கேக்காதீங்க.

அண்ணே, 2025 மே 3 பொதுத் தேர்தல் அன்னைக்கு நான் ஊருக்குப் போயிட்டேன், ஓட்டு போடல. இப்ப என்ன ஆகும்? (ஈசூன்)

பேர வாக்காளர் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க தம்பி. இங்க 1959லேர்ந்து ஓட்டு கட்டாயம். தேர்தல் துறை வெப்சைட்ல சிங்பாஸ் (அரசாங்க டிஜிட்டல் அடையாளம்) வச்சு உள்ள போய் திரும்ப சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுல வேலை, படிப்பு, உடம்பு சரியில்ல, பிரசவம் இந்த மாதிரி காரணம்னா காசு கிடையாது, சரியான காரணம் இல்லன்னா 50 வெள்ளி. ஆனா இத தள்ளிப் போடாதீங்க, ஏன்னா தேர்தலுக்கு ரிட், அதாவது தேர்தல் நடத்தச் சொல்ற உத்தரவு, வந்துட்டா அப்புறம் சேர்க்க முடியாது, போன தடவ ஏப்ரல் 15ல ரிட், மே 3ல ஓட்டு, அவ்ளோதான் டைம். 2029க்குள்ள அதிபர் தேர்தல் வரணும், பேர் இல்லன்னா அதுலயும் போட முடியாது.

வாக்குச்சீட்டுல நம்பர் இருக்கே, யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிட மாட்டாங்களா? எங்க அப்பா கவர்மெண்ட் வேலைல இருந்தவர், இன்னைக்கும் பயப்படுறார். (ஜூரோங் வெஸ்ட்)

இந்தக் கேள்வி வராத தேர்தலே இல்லம்மா. அந்த நம்பர் கள்ளச் சீட்டு உள்ள வந்துடக் கூடாதுன்னு வச்சது. எண்ணி முடிச்சதும் சீட்டு, அடிக்கட்டை எல்லாத்தையும் பெட்டில போட்டு சீல் வச்சு உச்ச நீதிமன்றத்துல 6 மாசம் வைக்கிறாங்க, அப்புறம் எரிச்சிடறாங்க. நடுவுல நீதிமன்ற உத்தரவு இல்லாம யாரும் திறக்க முடியாது, 1948ல முதல் தேர்தல் நடந்ததுலேர்ந்து அப்படி ஒரு உத்தரவே வந்ததில்ல. காலைல பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி காலியா இருக்குன்னு எல்லாக் கட்சி ஏஜெண்டுக்கும் காட்டித்தான் சீல் வைப்போம், குனிஞ்சு உள்ள எட்டிப் பார்க்குற ஏஜெண்டும் உண்டு. பார்க்கட்டும், அதுக்குத்தானே வந்திருக்காங்க. அப்பாகிட்ட தைரியமா போடச் சொல்லுங்க.

எப்படியும் யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியும், என் ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போவுது? (செங்காங்)

இதுக்குத்தான் எனக்குக் கோவம் வரும். 2011ல பொத்தோங் பாசிர்ல வித்தியாசம் 114 ஓட்டு, ஒரு புளோக்குல குடியிருக்கறவங்களே அத விட ஜாஸ்தி. அதே வருஷம் அதிபர் தேர்தல்ல நாடு முழுக்க 20 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்தும் 7,382தான் வித்தியாசம். 2025ல ஜாலான் காயுல 806. சரி, நீங்க போட்டவர் தோத்தே போறார்னு வைங்க, அப்பவும் வீணாப் போகாது, நாடாளுமன்றத்துல எதிர்க்கட்சி உறுப்பினர் 12 பேராச்சும் இல்லன்னா, தோத்தவங்கள்ல நல்ல சதவீதம் வாங்கினவங்களுக்குத் தொகுதியில்லா உறுப்பினர் இடம் குடுப்பாங்க. 2025ல 10 பேர் ஜெயிச்சதால ரெண்டு பேர் அப்படித்தான் உள்ள போனாங்க. இன்னொன்னு, மரின் பரேட் பிரேடல் ஹைட்ஸ் தொகுதி ஆளுங்கள நெனச்சுப் பாருங்க, போட்டியே இல்லாம போனதால அவங்க ஓட்டே போடல. உங்களுக்கு வாய்ப்பு கெடைக்குது, போங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, கண்ணும் சரியில்ல. நான் கூட நின்னு போட்டுக் குடுக்கலாமா? (உட்லண்ட்ஸ்)

வாசல் வரைக்கும் கூட்டிட்டு வாங்க, மறைப்புக்குள்ள நீங்க போக முடியாது. சீட்டுல வேட்பாளர் போட்டோவும் சின்னமும் இருக்கு, அதனால படிக்கத் தெரியாதது ஒரு பிரச்சினையே இல்ல. கண்ணு தெரியலன்னா எங்கள மாதிரி அதிகாரிகிட்ட சொன்னா அம்மா சொல்றபடி நாங்க குறி போடுவோம், வெளில சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு சட்டம் இருக்கு. மகன், மருமகன் யாரும் போட்டுக் குடுக்கக் கூடாது, சில வீட்ல அம்மாவுக்கு ஒரு விருப்பம் மகனுக்கு ஒரு விருப்பம், அத நான் சொல்லத் தேவையில்ல.

எனக்கு அன்னைக்கு சாங்கில ஷிப்ட் அண்ணே.

காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும் இருக்கு. முதலாளி ஓட்டு போட்டு வர்றதுக்கு டைம் குடுத்தே ஆகணும், சம்பளமும் புடிக்கக் கூடாது, சட்டத்துலயே இருக்கு. திறந்த உடனே கூட்டம் அலைமோதும், மத்தியானம் பார்த்து வந்தா நல்லது.

நான் பிஆர் (நிரந்தரவாசி), போடலாமா?

முடியாதுங்க. 21 வயசான சிட்டிசனுக்கு மட்டும்.

தப்பா குறி போட்டுட்டேன்னா?

பெட்டில போடறதுக்கு முன்னாடி வந்து சொல்லுங்க, பழசு வாங்கிட்டு வேற சீட்டு தருவோம். பெருக்கல் குறிதான் போடணும்னு சொல்வோம், ஆனா உங்க விருப்பம் தெளிவா தெரிஞ்சா டிக் போட்டதும் செல்லும்.

உள்ள செல்பி எடுக்கலாமா?

கூடாது தம்பி. போன்ல டிஜிட்டல் ஐசி (அடையாள அட்டை) காட்டலாம், காட்டிட்டு பாக்கெட்ல போட்டுடணும். கட்சி பேட்ஜ் குத்திட்டும் வராதீங்க, கழட்டிட்டு வாங்கன்னு சொல்லி சொல்லியே எங்களுக்கு வாய் வலிக்குது.