வட கொரியாவில் 2013 வரை நடந்த ‘ஆரிராங்’ என்ற பிரம்மாண்டக் கூட்டு உடற்பயிற்சி, நடன நிகழ்ச்சியில் குழந்தைகள் விரும்பித்தான் ஆடினார்களா, மிரட்டி ஆட வைத்தார்களா?

இரண்டும்தான். மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம், விளக்குகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். சுதந்திர தினத்துக்கு முந்நூறு பிள்ளைகளை ஒரே சீராகக் கை தூக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் 2007இல் நடந்த ஆரிராங்கில் பங்கேற்றவர்கள் 1,00,090 பேர் என்கிறது கின்னஸ். அதனால் அந்த வீடியோக்களில் நடனத்தை விட எதிர்ப்பக்கக் கேலரியைத்தான் அதிகம் பார்ப்பேன்.

அங்கே தெரியும் பிரம்மாண்டப் படம் திரையல்ல, பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் வண்ணத் தாள்கள் கொண்ட தடிமனான புத்தகம். சைகை வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் பக்கத்தைப் புரட்ட வேண்டும். ஒரு பிள்ளை தவறான பக்கத்தைத் திறந்தால், தலைவரின் கன்னத்தில் கரும்புள்ளி! நிகழ்ச்சி தொடங்கும் முன் தங்கள் வட்டாரத்தின் பெயரை அட்டைகளில் காட்டி, மைதானம் அதிரக் கத்துவார்கள். அந்தக் கத்தலில் இருப்பது அசல் குஷி. நம் பிள்ளைகள் விளையாட்டு விழாவில் ஹவுஸ் பெயரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டவர்களுக்கு அது புரியும்.

2003இல் ஒரு பிரிட்டிஷ் ஆவணப்படக் குழு பியோங்யாங்கில் இதே வகை நிகழ்ச்சிக்காக இரண்டு சிறுமிகள் செய்த பயிற்சியைப் படம் பிடித்தது. கான்கிரீட் தரையில்தான் பயிற்சி. நாட்டின் அன்றைய தலைவர் கிம் ஜோங் இல் நேரில் வந்து பார்ப்பார் என்று ஆசையாகக் காத்திருந்தார்கள். அவர் வரவே இல்லை.

சரி, மறுபக்கம். 2014இல் வெளியான ஐ.நா. விசாரணை ஆணைய அறிக்கையில், தப்பி வந்தவர்களின் சாட்சியம் இருக்கிறது. பல மாதங்கள் பாடத்தை ஒதுக்கிவிட்டு நாள் முழுக்கப் பயிற்சி. வெயிலில் மயங்கி விழுவது சகஜம். தவறு செய்தால் தண்டனை. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் குடல்வால் வலியைப் பொறுத்துக்கொண்டே பயிற்சி செய்து, சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனான். அதை வீரச் செயலாகக் கொண்டாடியிருக்கிறார்கள்.

இதை எங்கிருந்தோ வந்த ஒரு முரட்டு வாத்தியாரின் வேலை என்று ஒதுக்க முடியாது. ஒருவன் பிசகினாலும் மொத்த நிகழ்ச்சியும் கெடும் என்ற உணர்வால் பிள்ளைகள் தங்களைக் கூட்டத்துக்கு ஒப்புக்கொடுக்கக் கற்கிறார்கள் என்று 1987இல் கிம் ஜோங் இல்லே பேசியிருக்கிறார். பயிற்சியின் நோக்கமே அதுதான். பக்கத்தில் நிற்கும் தோழிக்குத் தன்னால் திட்டு விழக் கூடாது என்று ஒரு பிள்ளை நினைக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் வாத்தியார் பிரம்பை எடுக்கவே வேண்டாம். என் தொழிலிலும் இந்த உத்தி தெரியும், அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்.

‘விரும்பித்தான் போனேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் நம்புவேன். ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்க அந்தப் பிள்ளைக்கு வழி இருந்ததா என்றுதான் கேட்பேன்.