வாசகர் கேள்வி – பதில்: ஒரே கணக்கு, இரண்டு விடை

கேள்வி: உரம் 8,400 ரூபா. உழவு கூலி 3,000. இந்தக் கூலியில் அரைவாசியைப் பக்கத்துக் காணிக்காரர் தருகிறார். மேசைக் கல்குலேற்றரில் 8400 + 3000 ÷ 2 என்று தட்டினால் 5,700 வருகிறது. மகளின் சயன்ரிபிக் கல்குலேற்றரில் 9,900. எது பழுது?
– வாசகர், விசுவமடு

பதில்: இரண்டும் பழுதில்லை. ஆனால் உங்கள் செலவு 9,900 தான்.

மேசைக் கல்குலேற்றரில் திரும்பத் தட்டுங்கள். ÷ ஐ அழுத்தும் கணத்தில் திரையைப் பாருங்கள்: = ஐத் தொட முன்னமே 3000 போய் 11400 வந்து நிற்கும். அடுத்த குறி விழுந்தவுடன் முந்தின கணக்கை முடித்துவிடுவது அதன் இயல்பு. பிறகு அந்த 11,400 தான் இரண்டாகப் பிரிகிறது. சயன்ரிபிக் முழு வரியையும் வாங்கி, பெருக்கல் வகுத்தலை முதலில் செய்யும். விண்டோஸ் கணினியின் கல்குலேற்றரில் இரண்டு முறையும் உண்டு: 2 + 3 × 4 க்கு ஸ்ராண்டர்ட் 20 என்னும், சயன்ரிபிக் 14 என்னும்.

வகுத்தலை முன்னுக்குப் போட்டால் போதும்: 3000 ÷ 2 + 8400 எதிலும் 9,900 தான். இரண்டு பெருக்கல் வந்தால் இது உதவாது. 24 × 350 + 18 × 420 ஐ அப்படியே தட்டினால் 35 இலட்சத்துக்கு மேல் காட்டும் (அது நல்லது, கண்ணில் படும், 5,700 போன்ற பிழைதான் ஒருவருக்கும் தெரியாமல் பில்லில் ஏறும்). 24 × 350 தட்டி எம் பிளஸ் (M+, விடையை நினைவில் கூட்டி வைக்கும் பொத்தான்), 18 × 420 தட்டி எம் பிளஸ், பிறகு எம்ஆர்சி (MRC, நினைவில் உள்ளதைக் காட்டும் பொத்தான்): 15,960. தொடங்க முன் திரை மூலையில் சின்ன 'எம்' எழுத்து நின்றால் பழைய தொகை உள்ளே கிடக்கிறது. பெரும்பாலானவற்றில் திரையை அழிக்கும் ஏசி (AC) பொத்தான் அதை அழிக்காது. எம்ஆர்சியை இரண்டு தரம் அழுத்துங்கள்.

கேள்வி: 6 ÷ 2(1+2) க்கு மகனின் கேசியோ கிளாஸ்விஸ் கல்குலேற்றர் 1 என்கிறது, போன் 9 என்கிறது.
– வாசகி, மாங்குளம்

பதில்: 2 க்கும் அடைப்புக்கும் நடுவில் × இல்லை. அந்தக் கேசியோ 2(1+2) ஐ ஒரே உறுப்பாக எடுக்கிறது. விடை வந்தபின் மேல் வரியைப் பாருங்கள், தானே ஓர் அடைப்பைச் சேர்த்திருக்கும். போன் இடமிருந்து வலமாகப் போகிறது. × ஐயும் தேவையான அடைப்பையும் நீங்களே போடுங்கள்.

கேள்வி: 1,000 ரூபாச் சாமானுக்கு 20 வீதம் இலாபம் வைக்க 1000 + 20 % தட்டினேன். 1,250 வந்தது!
– கடைக்காரர், ஒட்டுசுட்டான்

பதில்: சில கேசியோ மேசைக் கல்குலேற்றர்கள் இலாபத்தை விற்கும் விலையில் பார்க்கும். 1,250 இல் 20 வீதம் 250. கழித்தால் உங்கள் 1,000. வாங்கிய விலையில் 20 வீதம் வேண்டுமென்றால் % ஐத் தொடாமல் 1000 × 1.2 தட்டுங்கள், 1,200 வரும்.