நாக்கின் பின்கோடியில் உள்ள முண்டுகள்

கேள்வி: நாக்கின் பின்கோடியில் பத்துப் பன்னிரண்டு சிவந்த முண்டுகள். இணையத்தில் புற்றுநோய் என்கிறார்கள். அப்பா வாய்ப்புற்றில்தான் இறந்தார். நான் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு மட்டுமே போடுவேன், புகையிலை இல்லை. காலையில் நாக்கில் வெண்படலம். கொட்டாவி விட்டால் தாடை 'டக்' என்கிறது. இடது ஓரத்தில் உடைந்த கடைவாய்ப்பல் உரசி ஒரு புண், வலியில்லை, ஒரு மாதமாக ஜெல் தடவுகிறேன்.
வாசகி, வயது 68, ஈசூன்

பதில்: கைப்பேசி விளக்கை அடித்து நாக்கை முழுசாக நீட்டிப் பார்த்தால் என் வாயிலும் அவை தெரியும், அம்மா. எல்லோருக்கும் 8 முதல் 12 வரை இருக்கும், அம்பு முனை தொண்டையைப் பார்ப்பதுபோல வரிசையாக. ஒவ்வொரு முண்டைச் சுற்றியும் சின்ன அகழி. அதன் சுவரில் சுவை மொட்டுகள். அடியில் உள்ள சுரப்பிகள் அகழியைக் கழுவிக்கொண்டே இருப்பதால்தான் ரசத்துக்குப் பின் பாயசம் பாயசமாகத் தெரிகிறது. புற்றுநோய் இப்படி இருபுறமும் அளவெடுத்து அடுக்கியதுபோல் வராது. நள்ளிரவில் தேடுபொறியிடம் கேட்டால் தலைவலிகூட மூளைக்கட்டிதான்.

வெண்படலத்தைப் பிரஷ்ஷால் மெல்ல வழித்துவிடுங்கள். தாடை வலிக்காமல், வாய் முழுசாகத் திறந்தால் 'டக்' சத்தத்தை மறந்துவிடுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புண்தான் எனக்கு உறுத்துகிறது. வாயின் உட்தோல் வெகுவேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும். சாதாரணப் புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஒரு மாதம் ஆறாதது, அதுவும் நாக்குப் புற்று அதிகம் தோன்றும் ஓரப்பகுதியில் என்றால், அதை யாராவது விரலால் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும். வலியில்லை என்பது ஆறுதல் இல்லை. தொடக்கநிலைப் புற்று பல நேரம் வலிப்பதில்லை. ஜெல்லும் உணர்வை மழுக்கியிருக்கும். இது பல் உரசிய வெறும் புண்ணாகவே இருக்கலாம். அதைத் தீர்மானிக்கவேண்டியது நீங்களும் ஜெல் டியூப்பும் அல்ல.

'புகையிலை இல்லை' என்று நிம்மதிப்படாதீர்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. மெல்லும் புகையிலையான குட்கா, ஜர்தா சிங்கப்பூரில் தடை. ஆனால் இங்கே தேக்கா வட்டாரக் கடைகளில் பாக்கு தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் அது சாது என்று ஆகிவிடாது. இன்றே நிறுத்துங்கள்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ, அரசு கட்டணக் கழிவு தரும் சாஸ் (CHAS) திட்டத்தில் உள்ள பல் மருந்தகத்துக்கோ போங்கள். 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், கட்டணக் கழிவு உண்டு. கூரான பல்லை ராவிவிடுவார்கள், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்பி, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று வீட்டில் யாராவது தடுத்தால் காதில் வாங்காதீர்கள்.

போகும் அன்று ஜெல் தடவாதீர்கள். எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.